முதலில் அடாப்டர், பிறகே கார்புரேட்டர்

மணப்பாறை என்ற பெயரைக் கேட்டதும் மாட்டுச் சந்தையும் முறுக்கும் நினைவுக்கு வருவது இயல்பேயாயினும், அந்தச் சந்தைக்கும் கடைவீதிக்கும் வையம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை முதலிய சுற்றுவட்டாரங்களிலிருந்து பால் கேன்களையும் தீவன மூட்டைகளையும் சுமந்து வந்து சேரும் இருசக்கர வாகனங்களைச் சிறிது நேரம் நின்று கவனிப்பவருக்கு வேறொரு விஷயமும் புலப்படும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட ஆர்.எக்ஸ். 100, பெயிண்டெல்லாம் உதிர்ந்த டி.வி.எஸ். மொபெட் என்று, கம்பெனிகள் கைவிட்டும் உரிமையாளர் கைவிடாத வண்டிகள் பல இன்னும் அந்தச் சாலைகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓடவைத்துக்கொண்டிருப்பவர்கள் சாலையோரப் பட்டறைகளில் கரிபடிந்த கைகளோடு வேலை செய்யும் நம்முடைய மெக்கானிக்குகளே. அவர்கள் அன்றாடம் செய்துவரும் ஒரு காரியத்தைப் பற்றி, அதில் நிகழும் ஒரு தலைகீழ் வரிசையைப் பற்றி, வாகன உரிமையாளர்களிடமும் பட்டறைக்காரர்களிடமும் உதிரிபாக வியாபாரிகளிடமும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய வண்டியின் கார்புரேட்டர் தேய்ந்துபோனால் வேறொன்றை வாங்கிப் பொருத்துவது இன்று சாதாரணமாகிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்ததோடு புதிய இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இன்ஜெக்ஷன் முறை அநேகமாக முழுவதும் பிடித்துக்கொண்டுவிட்டபடியால், பழைய மாதிரிகளுக்கான அசல் கார்புரேட்டர் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகிறது. ஆகவே வேறு வண்டியின் கார்புரேட்டரையோ, சந்தையில் தனியாக விற்கும் ஒன்றையோ வாங்கி வந்து மாட்டும் நிர்ப்பந்தம் ஏற்படுகிறது. இந்த நிர்ப்பந்தத்தில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் கார்புரேட்டரைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அதை எஞ்சினோடு இணைக்கும் அடாப்டரைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டுவதில்லை. கார்புரேட்டர் பணம் கொடுத்து வாங்கும் பொருளாகவும், அடாப்டர் கையில் அகப்பட்டதைக் கொண்டு ஒப்பேற்றும் பொருளாகவும் ஆகிவிட்டது. இந்த வரிசையை மாற்ற வேண்டும், அதாவது அடாப்டரை முதலில் நிச்சயித்துக்கொண்டு அதற்குப் பிறகே கார்புரேட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இதன் காரணம் விளங்க வேண்டுமானால் கார்புரேட்டர் என்னும் சாதனத்தின் இலட்சணத்தைச் சுருக்கமாகவேனும் நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். வேகமாகப் பாயும் திரவத்தில் அழுத்தம் குறைகிறது என்ற உண்மையை டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரி, குழாயின் குறுகிய இடத்தில் அவ்விளைவு எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஆராய்ந்தார். காற்றுக்கும் பொருந்துகிற அந்த உண்மைதான் கார்புரேட்டரின் ஆதாரம். பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளே இழுக்கப்படும் காற்று, குறுகிய தொண்டை ஒன்றின் வழியே விரைந்து செல்லுகையில் அங்கே ஏற்படும் அழுத்தக் குறைவு, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஜெட்டின் வழியாக உறிஞ்சித் துளிகளாகத் தூவுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதத்தை எல்லா வேகத்திலும் ஓரளவுக்குக் காப்பாற்றுவதே அதன் முழுக் கடமை. ஆனால் அது தன் வழியாகச் சென்ற காற்றுக்கு மட்டுமே கணக்குப் பார்த்துப் பெட்ரோலைக் கொடுக்கும். தன்னைத் தாண்டிய பிறகு எங்கோ ஓரிடத்தில் திருட்டுத்தனமாக நுழையும் காற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த நுழைவுக்கு இடம் கொடுப்பதும் கொடுக்காததும் அடாப்டரின் கையில் இருக்கிறது.

நம் நாட்டு வண்டிகளின் சரித்திரமும் இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம். 1955இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுறவோடு புல்லட் தயாரிப்பு தொடங்கியபோது அதனுடன் வந்தது, பர்மிங்ஹாமில் மூன்று கம்பெனிகள் 1927இல் ஒன்றாகி உருவான அமால் நிறுவனத்தின் கார்புரேட்டர் மரபு. பின்னாளில், மிக்குனி என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு யூகால் நிறுவனம் தயாரித்த மிக்கார்ப் அந்த இடத்தைப் பெற்றது. 350 சி.சி. புல்லட்டில் 24 மில்லிமீட்டர் வாயுள்ள மிக்கார்ப் ஒரு தலைமுறைக்கே பழக்கமான பொருள். மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவும் அதன் வழிவந்த யெஸ்டியும் செக்கோஸ்லோவேகிய மரபைப் பின்பற்றின. 1985 முதல் 1996 வரை வெளிவந்த ஆர்.எக்ஸ். 100, 98 சி.சி. எஞ்சினுக்கு 20 மில்லிமீட்டர் மிக்குனியைக் கொண்டு வந்தது. இவ்வாறு பிரிட்டன், செக்கோஸ்லோவேகியா, ஜப்பான் என்று மூன்று தேசத்து அளவுமுறைகள் ஒரே பட்டறையின் தரையில் கலந்து கிடக்கின்றன. ஒன்றின் காது மற்றொன்றின் ஸ்டட்டுக்குச் சேராது. ஒன்று இரண்டு போல்ட்டால் தட்டையாக இறுகும், மற்றொன்று ரப்பருக்குள் நுழைந்து கிளிப்பால் இறுகும். இவற்றுக்கிடையே சமரசம் செய்துவைக்கும் பொறுப்பு அடாப்டருடையது.

அந்தப் பொறுப்பு நான்கு வகைப்படும். காற்றுப் பாதையின் வாயளவைப் பொருத்துவது, வெளிக்காற்று புகாமல் தடுப்பது, எஞ்சினின் சூடு கார்புரேட்டரை எட்டாமல் காப்பது, கார்புரேட்டரை உரிய நிலையில் உறுதியாகவும் அதிர்வில்லாமலும் நிறுத்துவது ஆகிய இந்நான்கில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் பிரயோஜனமற்றுப் போகும்.

முதலாவது வாயளவு. இளைஞர்கள் பலருக்கு 350 சி.சி. புல்லட்டில் 28 மில்லிமீட்டர் கார்புரேட்டரை மாட்ட வேண்டும் என்ற ஆசை உண்டு. நான்கு மில்லிமீட்டர்தானே என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் காற்று செல்வது விட்டத்தின் வழியாக அல்ல, பரப்பின் வழியாக. 24 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 452 சதுர மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் வட்டத்தினுடையது 616. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் என்று தோன்றியது உண்மையில் 36 சதவீத வித்தியாசம். அதே எஞ்சின் அதே அளவு காற்றை இழுக்கையில், அகன்ற தொண்டையில் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் உறிஞ்சும் சக்தி குறைகிறது. விளைவாகச் சந்தைத் தெருவில் நெரிசலுக்கிடையே மெதுவாக ஓட்டும்போது வண்டி இழுக்காமல் திணறுகிறது. நெடுஞ்சாலையில் கடைசி வேகத்தில் கிடைக்கும் சிறு ஆதாயத்துக்காக, அன்றாடம் ஓட்டும் வேகத்தில் பெரு நஷ்டத்தை ஏற்கிறோம்.

அப்படியும் பெரிய கார்புரேட்டரைத்தான் பொருத்துவது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், 28 மில்லிமீட்டர் வாய் நேராக 24 மில்லிமீட்டர் துவாரத்தின் முன்னால் போய் நிற்கும்படி விடக்கூடாது. அவ்வாறு விட்டால் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு திண்ணை போன்ற விளிம்பு காற்றுப் பாதைக்குக் குறுக்கே நின்றுவிடும். காற்றோடு பறந்து வரும் பெட்ரோல் துளிகள் அந்த விளிம்பில் மோதி, தூவலாக உள்ளே போக வேண்டியவை ஈரமாகச் சுவரில் படிந்து, பின்பு ஒழுங்கின்றித் திரண்டு உள்ளே விழும். ஒரு கணம் பெட்ரோல் மிகுதி, மறுகணம் பற்றாக்குறை என்று எஞ்சின் மிஸ் அடிக்கும். நல்ல அடாப்டர் என்பது, ஒரு முகத்தில் 28ஆகத் தொடங்கி மறுமுகத்தில் 24ஆக முடியும்படி, உட்சுவர் படிப்படியாகச் சரிந்து செல்லும் வண்ணம் லேத்தில் கடைந்தெடுத்தது. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் எந்த இடத்திலும் நகம் தட்டக்கூடாது. இந்த எளிய பரீட்சையைச் செய்துபார்க்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

இரண்டாவது, காற்றுக் கசிவைத் தடுப்பது. எல்லாவற்றிலும் அதிகக் கேடு விளைவிப்பதும், எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. இளநீரை உறிஞ்சும் குழலில் பக்கவாட்டில் ஒரு பிளவு இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் காற்றுதான் வாய்க்கு வருமேயன்றி நீர் ஏறாது. அடாப்டரின் முகம் சமமாக இல்லாவிட்டாலும், பேக்கிங் கிழிந்திருந்தாலும், ரப்பர் வெடித்திருந்தாலும் எஞ்சினுக்கு நேருவது அதுவே. சென்ற கோடையில் மணப்பாறையில் ஒரு பட்டறை வாசலில், புதிதாகக் கார்புரேட்டர் மாற்றிய ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இளைஞர் ஒருவர், "அண்ணே, ரேஸ் இறங்கவே மாட்டேங்குது, ஸ்க்ரூவ எவ்வளவு திருப்பினாலும் அப்படியே நிக்குது" என்று முறையிட்டதையும், அந்த வயதான மெக்கானிக் கார்புரேட்டரை ஏறிட்டும் பாராமல் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "தம்பி, வெள்ளையடிச்சிருக்கு பாரு, காத்து வேற எங்கயோ இழுக்குது" என்று சொன்னதையும் அருகில் நின்று கேட்டேன்.

பிறகு அவர் செய்தது பயிற்சி பெறும் ஒவ்வொரு மாணவனும் பார்க்கவேண்டிய காரியம். அடாப்டரைக் கழற்றித் துடைத்து, அதன் முகத்தின் மேல் ஒரு இரும்பு அடிக்கோலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு காதுகளின் அருகே மட்டும் கோல் தொட்டு, நடுவில் தொடாமல் நின்றது. கசிவை நிறுத்துவதற்காக யாரோ போல்ட்டை மேலும் மேலும் இறுக்கியதில், மெல்லிய அலுமினியக் காதுகள் எஞ்சின் பக்கம் வளைந்து, முகம் வில்லாகிவிட்டிருந்தது. இறுக்க இறுக்கக் கசிவு கூடியதன் மர்மம் அந்த வளைவில் இருந்தது. ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை விரித்து, எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அடாப்டரின் முகத்தை எட்டு வடிவில் தேய்த்துக்கொண்டே வந்தார். முதலில் காதுகளில் மட்டும் பளபளப்புத் தோன்றி, மெல்ல மெல்ல அது விரிந்து நடுப்பகுதி வரை ஒரே சீரான சாம்பல் நிறமாக ஆனபோது நிறுத்தினார். புதுப் பேக்கிங் வைத்து இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கார்புரேட்டரை அவர் திறக்கவே இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் ஒழுங்காக இறங்கிச் சீராக நின்றது.

இந்த உண்மையை அறியாதவர்கள் செய்யும் தவறு, பெரிய மெயின் ஜெட்டைப் போடுவது. காற்று மிகுதியாயிருக்கிறது, ஆகவே பெட்ரோலைக் கூட்டுவோம் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றலாம். ஆனால் திராட்டில் மூடியிருக்கும்போதுதான் உட்புறத்தில் வெற்றிட இழுப்பு மிகுதி. அப்போதுதான் கசிவின் வழியாகப் புகும் காற்றும், எஞ்சின் மொத்தமாக உட்கொள்ளும் காற்றில் பெரும்பங்காக இருக்கும். திராட்டிலை முழுவதும் திறந்துவிட்டால் இழுப்புக் குறைந்து, கசிவின் பங்கும் சொற்பமாகிவிடுகிறது. மெயின் ஜெட்டோ முழுத் திராட்டிலில் வேலை செய்வது. ஆகவே நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலுமாகி, ஐடிலிங் கோளாறு தீராமலேயே மைலேஜ் வீழ்ந்து, புகையும் கரியும் மிகுந்து, வண்டி இரண்டு வியாதிகளுக்கு உள்ளாகிறது. சந்தேகம் ஏற்பட்டால், சூடேறிய எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிப் பார்க்கலாம். எஞ்சினின் சத்தம் மாறினால் கசிவு அங்கே இருக்கிறது. சிலர் பெட்ரோலையே ஊற்றிச் சோதிக்கிறார்கள். கொதிக்கும் சைலன்சருக்கு ஒரு சாண் தூரத்தில் அவ்வாறு செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கசிவு உபத்திரவம். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு அது மரணம். ஆர்.எக்ஸ். 100 போன்ற எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேண்டிய மசகெண்ணெயும் உள்ளே வரும் கலவையோடுதான் போய்ச் சேருகிறது. கலவை காற்றால் மெலிந்து எரியும் சூடு ஏறினால், பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் எஞ்சின் திடீரென்று சீஸ் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். லாரிகள் விரையும் திண்டுக்கல் சாலையில் அதன் பொருள் என்னவென்று விவரிக்க வேண்டியதில்லை. அந்த ஆபத்துக்கு வெடித்துப்போன ஒரு ரப்பர் இணைப்பே போதுமான காரணமாகிவிடும்.

மூன்றாவது, சூடு. கோடையில் நிழலிலேயே 40 பாகையைத் தொடும் நம் திருச்சிச் சீமைக்கு இது விசேஷமாகப் பொருந்துவது. பெட்ரோலின் இலேசான கூறுகள் 40 பாகைக்கும் குறைவான வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்வித்துக்கொண்டிருக்கின்றன. டீக்கடையில் நிறுத்தியதும் அந்தக் குளிர்ச்சி நின்று, எஞ்சின் தலையின் சூடு மட்டும் மெல்ல நகர்ந்து கார்புரேட்டருக்குள் ஏறுகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்துவிடவே, கால் மணி நேரம் கழித்து உதைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. இதைத் தடுப்பதற்காகவே பழைய தயாரிப்பாளர்கள் எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் பேக்லைட் துண்டு ஒன்றை வைத்தார்கள். கெட்டியான பேக்லைட்டைவிட அலுமினியம் பல நூறு மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். பளபளவென்று கடைந்த அலுமினிய அடாப்டர் கிடைத்த மகிழ்ச்சியில் அந்தப் பேக்லைட்டைத் தூக்கியெறிந்துவிடுபவர்கள், சூடு செல்வதற்கு ஒரு பாலத்தைத் தாங்களே கட்டிக்கொடுக்கிறார்கள். அலுமினிய அடாப்டரைப் போடலாம். ஆனால் அதற்கும் எஞ்சின் தலைக்கும் இடையே சூடு தாங்கும் பேக்லைட் பேக்கிங் அவசியம் இருக்க வேண்டும்.

நான்காவது, நிலையும் அதிர்வும். மிதவை இருக்கும் கிண்ணம் சமமட்டத்தில் நின்றால்தான் பெட்ரோலின் மட்டம் சரியாக இருக்கும். அடாப்டர் கோணலாக அமைந்து கார்புரேட்டர் ஒருபுறம் சாய்ந்தால், ஒன்று பெட்ரோல் வழியும், அல்லது ஏற்றத்தில் பற்றாக்குறை ஏற்படும். புல்லட் போன்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு நேராகக் கார்புரேட்டரைத் தாக்கினால் கிண்ணத்துப் பெட்ரோல் நுரைத்துப்போகும். ரப்பர் இணைப்பு அந்த அதிர்வை விழுங்கிக்கொள்கிறது. நீளமும் கவனிக்கத்தக்கது. அடாப்டர் தேவைக்கு மேல் நீண்டுவிட்டால் கார்புரேட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஏர் ஃபில்டர் பெட்டியோடு இடிக்கும். அப்போது பலரும் கண்டுபிடிக்கும் குறுக்குவழி, ஏர் ஃபில்டரையே கழற்றிப் போட்டுவிடுவது. மணப்பாறை வட்டாரத்துக் கிராமச் சாலைகளின் செம்மண் புழுதி நேராகச் சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் உரசித் தேய்த்துவிடுவதற்கு ஒரு கோடை போதும். அடாப்டரில் மிச்சம் பிடித்த காசு, போரிங்கிலும் புது பிஸ்டனிலும் பன்மடங்காகப் போய்விடுகிறது.

இந்த நான்கோடு, அண்மைக் காலத்தில் சேர்ந்துகொண்ட ஐந்தாவது விஷயம் ஒன்றும் உண்டு. நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று பரவிவிட்டது. எத்தனால் தன்னிடத்திலேயே ஆக்ஸிஜனைக் கொண்டிருப்பதால் அதற்குக் குறைந்த காற்றே போதும். ஒரு பங்குக்கு 9 பங்கு. ஆகவே 20 சதவீதக் கலவைக்கு வேண்டிய விகிதம் 14.7 அல்ல, ஏறத்தாழ 13.5. கலப்பற்ற பெட்ரோலுக்கென்று ஜெட் அமைக்கப்பட்ட பழைய கார்புரேட்டர், எந்தக் கசிவும் இல்லாதபோதே எட்டு சதவீதம் அளவுக்கு மெலிந்த கலவையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் அடாப்டரில் ஒரு கசிவும் சேருமானால் முன்பு தாங்கிய எஞ்சின் இப்போது தாங்காது. மேலும் எத்தனால் சாதாரண ரப்பரை ஊறவைத்து மிருதுவாக்கி வெடிக்கச் செய்யும். பெட்ரோலும் எத்தனாலும் தாங்கக்கூடிய செயற்கை ரப்பரால் ஆன இணைப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறே. பெட்ரோல் பட்டுப்பட்டு அது உப்பிப் பிரிந்து, துண்டுகளாகக் காற்றுப் பாதைக்குள் நழுவிவிடும்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், பழைய வண்டியை ஒழித்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவதே நல்லதல்லவா என்று கேட்கக்கூடும். வசதியுள்ளவர்கள் அவ்வாறு செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் விடியுமுன் பால் ஊற்றி, பிறகு வயலுக்குப் போய், மாலையில் சந்தைக்கு வரும் ஒரு சம்சாரிக்கு அந்த வண்டியே மூலதனம். அதைச் சரியாக வைத்துக்கொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. அசல் கார்புரேட்டரையே ஸ்லைடும் நீடிலும் ஜெட்டும் மாற்றிப் புதுப்பிக்க முடியுமானால் அதைப்போல் உத்தமமானது வேறில்லை என்பதையும் நான் மறுக்கவில்லை. அசல் அளவிலேயே கிடைக்கும் மாற்றுக் கார்புரேட்டருக்கு அடாப்டரே வேண்டாம் என்பதும் உண்மை. என் வாதம், அளவு மாறுகிற இடத்தில் அளந்து பாராமல் மாட்டாதீர்கள் என்பது மட்டுமே.

"பத்து வருஷமா இப்படித்தான் மாட்டுறோம், ஓடுதே" என்று சில பட்டறைக்காரர்கள் சொல்வதுண்டு. ஓடுவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்தவற்றுக்கு முரண்படும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று விதிக்கிறது. அதை வலியுறுத்தி உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. தேய்ந்த கார்புரேட்டரை மாற்றுவது மட்டும் அத்தகைய முரண்பாட்டை உண்டாக்காவிட்டாலும், புகைச் சோதனைக்கு எந்த வண்டியும் விலக்கல்ல. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனத்தின் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்தையும், அதற்குப் பின் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு முன்பு வரை தயாரானதில் 3.5 சதவீதத்தையும் தாண்டலாகாது. கசிவை மறைக்கப் பெரிய ஜெட்டைப் போட்டவர் இந்தச் சோதனையில் அகப்பட்டுக்கொள்கிறார். அவர் வெளியிடும் புகையை அவர் மட்டுமா சுவாசிக்கிறார்? பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே நடைமுறையில் செய்யவேண்டியது என்ன? வெர்னியர் காலிப்பர் ஒன்று எல்லாப் பட்டறையிலும் இருக்க வேண்டும். எஞ்சின் துவாரத்தின் உள்விட்டம், அங்குள்ள இரு ஸ்டட்டுகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், கார்புரேட்டர் வாயின் உள்விட்டமும் வெளிவிட்டமும், எஞ்சினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டி வரையுள்ள இடைவெளி, கிண்ணம் சமமட்டத்தில் நிற்க வேண்டிய கோணம் ஆகிய இவற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, அவற்றுக்கேற்ற அடாப்டர் கிடைக்குமா, அல்லது லேத்தில் கடைய முடியுமா என்பதை நிச்சயித்துக்கொண்ட பின்னரே கார்புரேட்டரை வாங்க வேண்டும். முகத்தைச் சமப்படுத்தி, சூடு தடுக்கும் பேக்கிங் வைத்து, கசிவில்லையென்று சோதித்த பிறகே ஜெட்டைத் தொட வேண்டும். கடைசியில் பிளக்கின் நிறம் பிஸ்கட் நிறமாக வருகிறதா என்று பார்த்து வேலையை முடிக்க வேண்டும். இந்த வரிசையில் எந்த ஒரு படியும் முன்பின்னாக மாறலாகாது.

இதில் தனி மனிதர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சென்னைப் புதுப்பேட்டையானாலும் நம்மூர்க் கடையானாலும், உதிரிபாகப் பொட்டலத்தின் மேல் "இந்த வண்டிக்கு ஏற்றது" என்று மட்டும் அச்சிட்டிருப்பதைக் காண்கிறோமே தவிர, வாயளவு இவ்வளவு, ஸ்டட் இடைவெளி இவ்வளவு, ரப்பர் இன்ன ஜாதி என்று அச்சிட்டிருப்பதைக் காண்பது அபூர்வம். மூன்று வரி அச்சிடுவதற்கு வியாபாரிகளுக்கு ஆகும் செலவு அற்பம். வாங்குவோருக்கு மிஞ்சும் பணமோ பெரிது. திருச்சியைச் சுற்றியுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள், தங்கள் மாணவர்களைக் கொண்டு இவ்வட்டாரத்தில் ஓடும் பழைய வண்டி மாதிரிகளை ஒவ்வொன்றாக அளந்து ஓர் அளவு அட்டவணையைத் தமிழில் தயாரித்து எல்லாப் பட்டறைகளுக்கும் கொடுக்கலாம். ஒரு மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எதுவாக இருக்க முடியும்?

இது நம் சக்திக்கு அப்பாற்பட்ட காரியமல்ல. 1928இல் பொன்மலையில் ரயில்வே பணிமனை நிறுவப்பட்ட நாள் முதற்கொண்டு, நீராவி எஞ்சினின் பாகங்களை நூலிழை பிசகாமல் பொருத்திய கைகள் இந்த ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. 1965இல் திருவெறும்பூரில் பெல் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, அளவில் பிசகினால் பாகம் நிராகரிக்கப்படும் என்ற கண்டிப்பை அதைச் சுற்றி வளர்ந்த சிறு தொழிற்கூடங்களும் கற்றுக்கொண்டன. பெரிய கொதிகலன்களுக்குக் காட்டும் அந்த நியமத்தை, ஒரு சம்சாரியின் வண்டியிலுள்ள உள்ளங்கையகல அலுமினியத் துண்டுக்கும் காட்டுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பொருளின் பெருமைக்கேற்பக் கவனத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்வது தொழில் தர்மமாகாது.

வாகன உரிமையாளர்களுக்கு நான் செய்துகொள்ளும் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை உங்கள் வண்டிக்கு வேறு கார்புரேட்டர் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதன் விலையையும் கம்பெனிப் பெயரையும் விசாரிப்பதற்கு முன், "இதற்கு எந்த அடாப்டர் போடப்போகிறீர்கள், அதன் அளவு என்ன?" என்று கேளுங்கள். அளவைச் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை நம்பி விடுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளக்கவும் மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.